பதிவு எண் 4172-க்கு முப்பத்தேழு முப்பத்தொன்று ஆன விவரம்

என் பெயர் ஞானசுந்தரி. காலஞ்சென்ற ஏசுதாஸ் அவர்களின் மனைவி. வயது அறுபத்தேழு. செங்கற்பட்டு மாவட்டம், உத்திரமேரூர், பள்ளிக்கூடத் தெரு, கதவு எண் 14-இல் என் மகன் ஐசக், மருமகள் மார்த்தாள், பேத்திகள் எஸ்தர், லில்லி ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். முப்பத்துநான்கு ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து 1967-இல் ஓய்வு பெற்றேன். இன்று 9.8.1976 திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து, சப்-இன்ஸ்பெக்டர் திரு. ஏகாம்பரம் முன்னிலையில் சொல்ல, எழுதப்பட்ட வாக்குமூலமாவது:

முதலில் ஒன்றைத் திருத்த வேண்டும். எனக்குக் கண் மங்கிவிட்டது, புத்தி தடுமாறிவிட்டது, மருமகளைக் காப்பாற்றுவதற்காகப் பழியை என் தலையில் போட்டுக்கொள்கிறேன் என்று தெருவில் பேசுகிறார்கள். இரண்டு வருடங்களுக்கு முன்பு இடது கண்ணில் புரை எடுத்தார்கள். கண்ணாடியுடன் தினத்தாளின் சிறிய எழுத்துவரை படிக்கிறேன். என் புத்தியில் குறையில்லை. மருமகள்மேல் உயிரையே வைத்திருக்கும் மாமியார் என்றும் சொல்கிறார்களாம். அதுவும் சரியல்ல. எங்கள் இருவருக்கும் பதினோரு வருடங்களாக அவ்வளவு ஒத்துப்போவதில்லை. நடந்தது நடந்தபடி எழுதப்பட வேண்டும் என்பதற்காக மட்டுமே வந்தேன்.

மார்த்தாள் நடுநிலைப் பள்ளி ஆசிரியை. இவ்வருடம் எட்டாம் வகுப்புப் பொதுத் தேர்வில் தமிழ் விடைத்தாள்களைத் திருத்தும் பணி அவளுக்கு வந்தது. மே மாதம் ஏழாம் தேதி நூற்றிருபது தாள்கள் கொண்ட ஒரு கட்டு, அரக்கு முத்திரையுடன் அவள் பெயருக்கு வந்து சேர்ந்தது. தாள்களில் பதிவு எண் மட்டுமே இருக்கும், பெயர் இருக்காது. இருபதாம் தேதிக்குள் திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டும். தாள்களை வேறு எவரிடமும் கொடுக்கக் கூடாது, காட்டக் கூடாது என்று உடன் வந்த தாளில் அச்சிட்டிருந்தது. அதை நானும் படித்தேன்.

என் மகன் ஐசக் ஒரு பஸ் கம்பெனியில் டைம் கீப்பர். நான்கு வருடங்களாக அவனுக்கு ஒரு வாரம் சேர்ந்தாற்போல லீவு கிடைத்ததில்லை. அந்த மே மாதம் கிடைத்தது. என் அண்ணன் மகன் சின்னராசு சதுரங்கப்பட்டினத்துக்கு வடக்கே கடலோரத்தில், சென்னைக்காரர் ஒருவரின் பங்களாவில் காவல் வேலை பார்க்கிறான். பங்களாவுக்குப் பின்னால் உள்ள இரண்டு அறைகளில் நாங்கள் தங்கிக்கொள்ளலாம் என்று கடிதம் போட்டிருந்தான். கட்டைத் திருத்த வேண்டியிருப்பதால் தான் வரவில்லை என்றாள் மார்த்தாள். அதற்கு ஐசக், "கட்டையும் தூக்கிக்கினு வா. நீ பாட்டுக்கு திருத்து, நாங்க பாட்டுக்கு தண்ணில நிக்கிறோம்" என்றான். அதன் பிறகு பத்தாம் தேதி திங்கட்கிழமை, விடைத்தாள் கட்டை ஒரு தகரப் பெட்டியில் பூட்டி எடுத்துக்கொண்டு, ஐந்து பேரும் செங்கற்பட்டு வழியாகப் பஸ்ஸில் சென்று மாலை நான்கு மணிக்குச் சேர்ந்தோம்.

அங்கே மார்த்தாள் விடிந்தவுடன் எழுந்து பதினொரு மணிவரை திருத்துவாள். குழந்தைகள் ஜன்னலுக்கு வெளியே நின்று கூப்பிடுவார்கள். பதினொரு மணிக்குப் பெட்டியைப் பூட்டி, சாவியைத் தாலிச் சங்கிலியில் கோர்த்துக்கொண்டு, அவர்களுடன் கடலுக்குப் போவாள். மாலையில் மறுபடி உட்காருவாள். நான் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை. சமையலைச் சின்னராசுவின் மனைவி பார்த்துக்கொண்டாள்.

பதினான்காம் தேதி வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணி அளவில் சின்னவள் லில்லி, மணலில் கிடந்த தூண்டில் முள்ளை மிதித்துவிட்டாள். முள் உள்ளங்காலில் முழுவதும் இறங்கிவிட்டது. ஐசக் அவளைத் தோளில் போட்டுக்கொள்ள, மார்த்தாள் எழுதிக்கொண்டிருந்தபடியே எழுந்து ஓடினாள். எஸ்தர் அழுததால் அவளையும் அழைத்துக்கொண்டு ஒன்பது மணி பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பெட்டி திறந்தே இருந்தது. மேஜைமேல் அன்று காலை திருத்தி முடித்த பதினொரு தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. சிவப்பு மைப் பேனா மூடாமல் கிடந்தது.

காற்றில் தாள்கள் பறக்காதிருக்க அவற்றைப் பெட்டிக்குள் வைக்கத்தான் நான் உள்ளே போனேன். வைப்பதற்கு முன் மேலிருந்த தாளைப் புரட்டினேன். கூட்டலில் ஒரு மதிப்பெண் விடுபட்டிருந்தது. அதைத் திருத்தினேன். அதன் பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மீதிப் பத்துத் தாள்களையும் ஆரம்பம் முதல் கடைசிவரை படித்தேன். இதைச் செய்யும்படி மார்த்தாள் கேட்கவில்லை. செய்யக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். ஒன்பது வருடங்களாக என் கையில் சிவப்புப் பேனா இல்லை. அன்று காலை நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளும்படி ரைட்டரிடம் சொன்னேன். அது எதற்கு என்று கேட்டார். நடந்தது என்றேன்.

சுமார் பதினொரு மணிக்குச் சின்னராசு மீன் கொண்டுவந்தவன், ஜன்னல் வழியாகப் பார்த்து, "இன்னாத்தே, ரிட்டையர் ஆயி மறுபடி டூட்டில சேந்துட்டியா?" என்று கேட்டான். "பேசாதே, கூட்டல் தப்பும்" என்றேன். அவன் சிரித்துவிட்டுப் போனான். அவனை விசாரித்தால் சொல்வான்.

ஒன்பது தாள்களில் நான் எதையும் தொடவில்லை. ஒன்றில் மேலே சொன்ன கூட்டலைத் திருத்தினேன். பதினோராவது தாள் பதிவு எண் 4172. அதில் கடைசிக் கேள்வி, நீ கழித்த ஒரு விடுமுறை பற்றி ஒரு பக்கத்துக்குக் குறையாமல் எழுதுக என்பது. பத்து மதிப்பெண். இதை எழுதியவர் தன் ஊர் ஐயங்கார்குளம் என்றும், வருடந்தோறும் கோடையில் குடும்பத்துடன் கடலோரத்து உப்பளத்துக்கு வேலைக்குப் போவதாகவும், அதுவே தன் விடுமுறை என்றும் எழுதியிருந்தார். ஊரில் அப்பா ஒரு நேரத்துக்கும் அம்மா ஒரு நேரத்துக்கும் வேலைக்குப் போவதால் சேர்ந்து உட்காருவதே இல்லை, உப்பளத்தில் நான்கு பேரும் ஒரே பாத்தியில் நின்று உப்பு வாருவோம், ஒரே சட்டியில் சாப்பிடுவோம் என்று இருந்தது. காலில் வெடிப்பு இருப்பதால் கடலில் இறங்கினால் எரியும், ஆகவே கரையிலேயே உட்கார்ந்து அலையைப் பார்ப்போம், அம்மா அங்கேதான் பாட்டுப் பாடுவார் என்றும் இருந்தது. கையெழுத்து நன்றாக இருந்தது. பிழைகள் அதிகம் இல்லை.

இதற்கு மார்த்தாள் எட்டு கொடுத்திருந்தாள். நான் எட்டை அடித்து இரண்டு என்று எழுதினேன். ஓரத்தில், "கேட்டது விடுமுறை. எழுதியது கூலி வேலை. கேட்டதற்கே விடை எழுதவும்" என்று எழுதி, அடிக்கோடு இட்டேன். நான் படித்த கன்னியர் மடத்துப் பள்ளியில் அப்படித்தான் எங்களுக்குத் திருத்தினார்கள். கேள்வியைவிட்டு விலகிய விடை எவ்வளவு நன்றாக இருந்தாலும் விடை அல்ல. நானும் முப்பத்துநான்கு வருடங்கள் அப்படித்தான் திருத்தினேன். அதன் பிறகு முதல் பக்கத்தில் மொத்தம் முப்பத்தேழு என்று இருந்ததை அடித்து முப்பத்தொன்று என்று எழுதினேன். தேர்ச்சிக்கு முப்பத்தைந்து வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதை நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

மாலை நாலரை மணிக்கு அவர்கள் திரும்பி வந்தார்கள். லில்லியின் காலில் கட்டு இருந்தது. மார்த்தாள் நேராகப் பெட்டியிடம் போனாள். தாள்கள் விளிம்பு ஒத்து அடுக்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, "அத்தை, நீங்க பாத்தீங்களா? எதுனா எழுதினீங்களா?" என்று கேட்டாள். நான், "கூட்டல் மட்டும் பார்த்தேன். இரண்டில் தவறு இருந்தது, திருத்தினேன்" என்றேன். அவள் தாள்களைக் கையில் எடுத்தாள். அதன் பிறகு, "உங்க கூட்டல் தப்பாது" என்று சொல்லி, அந்தப் பதினொரு தாள்களிலும் முதல் பக்கத்தில் கையொப்பம் போட்டுக் கட்டினாள். மொத்தம் அடித்திருந்ததைக் கூட்டல் திருத்தம் என்றே எடுத்துக்கொண்டாள், உள்ளே புரட்டிப் பார்க்கவில்லை. குழந்தை அழுதுகொண்டிருந்தது. நான் சொன்னதை அவள் நம்பியதால் பார்க்கவில்லை.

நான் அவளிடம் சொன்னது பொய். பாதி உண்மை என்று என் மகன் சொல்கிறான். பாதி என்று ஒன்று இல்லை.

பதினெட்டாம் தேதி ஊர் திரும்பினோம். பத்தொன்பதாம் தேதி கட்டு அனுப்பப்பட்டது. ஜூன் மாதம் தேர்வு முடிவு வந்தது. ஐயங்கார்குளம் கன்னியப்பன் என்பவரின் மகள் சிட்டம்மாள், வயது இருபது, தனித்தேர்வராக எழுதி, தமிழில் மட்டும் நான்கு மதிப்பெண் குறைந்து தேர்ச்சி பெறவில்லை. கிராமத் தாதிப் பயிற்சிக்கு அந்தப் பெண் மனுப் போட்டிருந்ததும், எட்டாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றால்தான் எடுப்பார்கள் என்பதும் பிறகு எனக்குத் தெரிந்தது. கன்னியப்பன் மறுகூட்டலுக்கு மனுக் கொடுத்தார். தாளை எடுத்துப் பார்த்தபோது முப்பத்தேழு முப்பத்தொன்றாக அடித்துத் திருத்தப்பட்டிருந்தது. திருத்தியவர் கையொப்பம் மார்த்தாளுடையது. மார்த்தாளின் அக்காள் மகளும் அதே பயிற்சிக்கு மனுப் போட்டிருந்தாள். ஊர்ப் பெயரைக் கட்டுரையில் பார்த்து, ஆளை அறிந்து, தன் அக்காள் மகளுக்காக வேண்டுமென்றே குறைத்துவிட்டாள் என்று கன்னியப்பன் புகார் கொடுத்தார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஜூலை 26-ஆம் தேதி மார்த்தாள் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டாள். 30-ஆம் தேதி இதே நிலையத்தில், எல்லாம் தான் எழுதியதே, மறுபரிசீலனை செய்து குறைத்தேன் என்று அவள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அது உண்மையல்ல.

அவள் எழுதிக் கொடுத்தது ஆகஸ்டு முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை காலைதான் எனக்குத் தெரிந்தது. கோயிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தோம். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். அவள் எஸ்தருக்குப் பின்னல் போட்டபடியே, "கட்டு என் பேருக்கு வந்துது அத்தை. யாரு கை பட்டாலும் போறது என் தலதான். எதுக்கு ரெண்டு தல?" என்றாள். தாளை இங்கே காட்டியபோதே ஓரத்தில் இருந்த எழுத்து யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்றேன். ஐசக், "யம்மா, சும்மா கீறியா? அவ ஒத்துக்கினா. நீ போயி இன்னொண்ணு சொன்னா, மாமியாளும் மருமவளும் பேசிவச்சுக்கினு நாடகம் ஆடுறாங்கன்னு சிரிப்பானுங்க. பேஜார் பண்ணாத" என்றான். "சிரிக்கட்டும்" என்றேன். "உன்ன லாக்கப்புல வச்சா நான் எப்டிம்மா தெருவுல நடப்பேன்?" என்று கேட்டான். நான் நடக்கிற மாதிரி நட என்றேன். மார்த்தாள் பின்னலை அவிழ்த்து மறுபடி போட்டாள்.

ஆகஸ்டு ஐந்தாம் தேதி வியாழக்கிழமை நான் தனியாகப் பஸ் ஏறி ஐயங்கார்குளத்துக்குப் போனேன். அந்தப் பெண்ணைப் பார்க்காமல் இங்கே வருவது சரியாக இருக்காது என்று தோன்றியது. கன்னியப்பன் வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவி எல்லம்மாளும் மகள் சிட்டம்மாளும் இருந்தார்கள். நான் யார் என்பதையும் நான் செய்ததையும் வாசலில் நின்றே சொன்னேன். எல்லம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அப்டியா டீச்சரம்மா. நீங்க ஊட்டோட சமுத்திரத்துக்குப் போயி, பேப்பர் கட்டையும் தூக்கிக்கினு போயி திருத்துனா அது லீவு. நாங்க ஊட்டோட போயி உப்பு வாருனா கூலி. நல்லா கீதே உங்க நாயம்" என்றார். "சொல்லுங்க, நாலு எழுத்து படிச்சவங்க. எங்களுக்கு லீவுன்னு ஒண்ணு எங்க கீது, நீங்களே சொல்லுங்க" என்றார்.

சிட்டம்மாள், "வுடும்மா. வெயில்ல வந்துக்கீறாங்க" என்று சொல்லி எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். அதன் பிறகு, "நான் எழுதினது பொய்யின்னு நெனச்சீங்களாங்க?" என்று கேட்டாள். பொய் என்று நினைக்கவில்லை, விடை இல்லை என்று நினைத்தேன் என்றேன். "இப்போ?" என்றாள். விடைதான் என்றேன். அவள் தலையசைத்தாள். பயிற்சிக்கு இம்மாதம் 27-ஆம் தேதி செங்கற்பட்டில் நேர்முகம் இருப்பதாகவும், அன்று தேர்ச்சிச் சான்றைக் காட்டாவிட்டால் அடுத்த வருடம்தான் என்றும், அதற்குள் வீட்டில் தனக்கு மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள் என்றும் சொன்னாள். எல்லம்மாள் குனிந்து முறத்தை எடுத்துக்கொண்டார்.

இன்று சப்-இன்ஸ்பெக்டர் அவர்கள், நீங்கள்தான் எழுதினீர்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி, கையொப்பம் மருமகளுடையதாக இருக்கிறதே என்று கேட்டார். என் கையெழுத்து மாதிரியை மூன்று வெள்ளைத் தாள்களில் எழுதிக் கொடுத்தேன். மேலும் ஒரு விவரம் சொன்னேன். மார்த்தாள் மை ஒற்றும் தாள் வைத்திருந்தாள். அது அவள் பைக்குள் இருந்ததால் எனக்குக் கிடைக்கவில்லை. ஓரத்தில் எழுதிய மை காய்வதற்காக ஜன்னல் கட்டையில் படிந்திருந்த கடல் மணலை ஒரு சிட்டிகை எடுத்துத் தூவி, தட்டிவிட்டேன். அடிக்கோட்டுக்கு அளவுகோலாக என் ஜெபப் புத்தகத்தை வைத்துக்கொண்டேன். அதன் முனை மடிந்திருந்ததால் கோட்டின் வலது முனை கீழே வளையும். சப்-இன்ஸ்பெக்டர் அவர்கள் தாளைக் கொண்டுவரச் சொல்லி, ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். தையல் மடிப்பில் விரலை வைத்து எடுத்து, விரலில் ஒட்டிய மணலைப் பார்த்தார். அதன் பிறகு ரைட்டரை நோக்கி, எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

அவர் மேலும் ஒரு கேள்வி கேட்டார். முன்பின் தெரியாத ஒரு பெண்மேல் உங்களுக்கு ஏன் இவ்வளவு கடுமை, மற்றப் பத்துத் தாள்களில் நீங்கள் விடைகளைத் தொடவில்லையே என்றார். கேள்வியிலிருந்து விலகிய விடை அது ஒன்றுதான் என்று முதலில் சொன்னேன். அவர் எழுதச் சொல்லாமல் காத்திருந்தார். அதன் பிறகு நான் சொன்னதாவது:

என் தாய் தந்தையரும் நிலமில்லாதவர்கள். என்னை ஏழு வயதில் மடத்துப் பள்ளியில் சேர்த்தார்கள். கோடை விடுமுறையில் மற்றப் பிள்ளைகளை வீட்டார் வந்து அழைத்துப் போவார்கள். என்னை அழைத்துப்போக ஒன்பது வருடங்களும் யாரும் வரவில்லை. என் தாயார் அந்த மாதங்களில் உப்பளத்தில் இருப்பார். வேலை செய்யும் இடத்துக்குப் பிள்ளை வரக் கூடாது, படிப்பு கெட்டுவிடும் என்று மடத்துத் தாயாரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். நான் மடத்திலேயே இருந்து மேஜைத் துணிகளுக்கு ஓரம் தைத்தேன். நாற்பது படுக்கைகள் உள்ள அறையில் நான் ஒருத்தி படுப்பேன். உப்பளம் எப்படி இருக்கும், அங்கே என் தாயார் பாடுவாரா என்பது எனக்குத் தெரியாது.

இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று சப்-இன்ஸ்பெக்டர் அவர்கள் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். இருக்கக்கூடும் என்று தோன்றுவதால் சொல்கிறேன் என்றேன்.

மார்த்தாளின்மேல் உள்ள குற்றம் ஒன்றுதான்: பெட்டியைப் பூட்டாமல் காயம்பட்ட குழந்தையுடன் ஓடியது. 4172-இன் தாளில் உள்ள இரண்டும், முப்பத்தொன்றும், ஓரத்து எழுத்தும் என்னுடையவை. அவளுக்கோ என் மகனுக்கோ அப்போது தெரியாது. இதற்கு என்ன தண்டனை உண்டோ அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். வயதைக் கருதிக் குறைக்க வேண்டும் என்று யாரும் என் சார்பில் கேட்கத் தேவையில்லை.

மேலே எழுதியிருப்பதை ரைட்டர் ஒருமுறை படித்துக் காட்டினார், நானும் கண்ணாடி போட்டு ஒருமுறை படித்தேன், நான்கு இடங்களில் திருத்தி ஒவ்வொன்றிலும் சுருக்கொப்பம் இட்டேன், எவரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, நான் அறிந்தவரை இதில் பொய் இல்லை.

இந்த வாக்குமூலத்தின் நகல் இன்றே தேர்வு அலுவலகத்துக்கு அனுப்பப்பட வேண்டும். 4172-க்கு மார்த்தாள் முதலில் கொடுத்த எட்டு மதிப்பெண் திரும்பக் கிடைக்குமா, கிடைக்குமானால் தேர்ச்சிச் சான்று 27-ஆம் தேதிக்கு முன் வருமா என்பதற்கு எழுத்து மூலம் பதில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். வாய்மொழியாகச் சொல்லி அனுப்ப வேண்டாம். பதிலை என் பெயருக்கும் அனுப்ப வேண்டாம். செல்வி க. சிட்டம்மாள், ஐயங்கார்குளம் என்ற விலாசத்துக்கு அனுப்பவும். அவரே படித்துக்கொள்வார்.

(ஒப்பம்)
ஏ. ஞானசுந்தரி
9.8.1976